பதினோரு அதிகாரிகளும் பதினான்கு குழிகளும்

பம்ப் ஹவுஸ் சுவரில் ‘வார்டன்’ என்ற பலகையைத் திருகாணி போட்டு மாட்டிய மறுநாள் காலை, பலகையைத் தாங்கிக்கொண்டு ஒரு கதவும், கதவுக்குப் பின்னால் ஓர் அறையும், அறைக்குள் ஒரு வார்டனும் இருந்தார்கள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வார்டனுக்கு ஐம்பது வயதிருக்கும்; மூக்குக்கண்ணாடி, சாம்பல் நிறக் கோட்டு, கோட்டுப் பையில் இரண்டு பேனா. மோட்டார் போட வந்த ஆள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பதைப் பார்த்து, “தபால் வந்தாச்சா?” என்று கேட்டார். நகரசபைத் தலைவரே நேரில் வந்து, ஐயா எங்கிருந்து வருகிறீர்கள் என்று விசாரித்தபோது, “டிரான்ஸ்பர்ல வந்தேன்” என்றார். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. டிரான்ஸ்பரில் வருகிறவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பது எந்த அலுவலகத்திலும் யாருக்கும் தெரிந்ததில்லை.

பலகை கிடைத்த விதம் இது. ஊருக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பழைய கம்பெனி கடையைக் கட்டிக்கொண்டு போனபோது, ஒரு மோட்டாரையும், தெருக்களுக்கு அடியில் பதினான்கு வால்வுகளையும், வால்வுச் சக்கரத்தைக் கவ்வித் திருப்ப ஆள் தோளுயரத்தில் ஓர் இரும்புச் சாவியையும், வைக்கோல் அடைத்த ஒரு மரப்பெட்டியையும் விட்டுவிட்டுப் போனது. பெட்டிக்குள் பதினோரு பலகைகள். கனத்த இரும்பு, மேலே நீல எனாமல், அதில் வெள்ளை எழுத்தில் பழைய இங்கிலீஷ் பதவிகள். கம்பெனிக்காரர்களுக்குச் சின்ன எழுத்தில் நம்பிக்கை கிடையாது போலிருக்கிறது. ஒவ்வொரு பலகையும் சாப்பாட்டு மேசையில் பாதி இருந்தது, தூக்க இரண்டு பேர் வேண்டும். தலைநகரத்திலிருந்து ஒரு பெரிய மனிதர் பார்வையிட வருகிறார் என்ற நிலையில், பம்ப் ஹவுஸ் சுவரில் காரை பெயர்ந்திருந்த இடத்தை எதையாவது வைத்து மறைக்கும்படி தலைவர் சொன்னார். பெட்டியில் மேலாக இருந்தது வார்டன். காரை பெயர்ந்த இடம் மறைந்தது. அதற்கு ஈடாக ஊருக்கு ஒரு வார்டன் கிடைத்தார்.

அடுத்து வந்த தலைவர், முன்னவர் ஒன்று மாட்டினார் என்ற ஒரே காரணத்துக்காக, காரை நன்றாகவே இருந்த இடத்தில் ‘ஸ்டூவர்ட்’ பலகையை மாட்டினார். அவருக்கு அடுத்தவர் ஒரே வருடத்தில் இரண்டு. இப்படியே ஓவர்சியர், பெய்லிஃப், கம்ப்ட்ரோலர், கஸ்டோடியன், இன்டெண்டன்ட், மார்ஷல், ப்ரோவோஸ்ட் என்று காலையில் கதவுகள் முளைத்துக்கொண்டிருந்தன. பம்ப் ஹவுஸ் வெளியிலிருந்து பார்க்க இருபதடிச் செங்கல் கட்டடமாகவே இருந்தது. உள்ளே வராந்தா நீண்டுகொண்டே போனது. டீக்கடைக்காரர் முதல் கதவில் கொடுக்கும் டீ கொதிக்கும். கடைசிக் கதவுக்குப் போகும்போது அதில் ஆடை படிந்திருக்கும். அதிகாரிகள் யாரும் தங்கள் வாசற்படியைத் தாண்டி ஒரு நாளும் வெளியே வந்ததில்லை. தாண்ட முடியாதா, தாண்ட மனமில்லையா என்று யாரும் யோசிக்கவில்லை. அதிகாரிகள் எங்கேயும் அப்படித்தானே.

பத்தாவதாக வந்தவர் ரீவ். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. மெலிந்த மனிதர், வெட்கப்படுகிறவர், கோப்பு எதுவும் தன்னிடம் வந்தால் அதை ஒரு விருந்தாளியைப் போல எழுந்து நின்று வாங்கிக்கொள்வார். மற்ற ஒன்பது பேரும் தங்கள் பதவிக்குப் பொருள் தெரிந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். இவருக்கு அந்த வித்தை வரவில்லை.

இவர்கள் அத்தனை பேரும் தண்ணீருக்குப் பொறுப்பு. தண்ணீரைத் திறந்துவிட்டது சாவியக்கா.

அவளுக்குப் பலகை எதுவும் கிடையாது. கம்பெனியின் கடைசிச் சாவிக்காரர் அவளுடைய தாய்மாமன். ஒரு மழைநாளில் குழியில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டார். மாமாவுக்குக் கால் சேரும்வரை ஒரு வாரம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சாவியைத் தோளில் வைத்தாள். அந்த ஒரு வாரம் முப்பத்தோரு வருடமாக நடந்துகொண்டிருந்தது. விடிந்ததும் பேக்கரித் தெரு, அங்கே மாவு பிசைய வேண்டும். அடுத்து ஆஸ்பத்திரி. அப்புறம் மேட்டுத் தெரு. அது சுலபத்தில் ஏறாது, கீழே இரண்டு தெருவைப் பாதி அடைத்தால்தான் தண்ணீர் மூச்சு வாங்கி மேலே போகும். சாவியின் தலையைக் கழுத்தெலும்பில் வைத்துக்கொண்டு, டாக்டர் மாதிரி குழாயின் ஓட்டத்தைக் கேட்பாள். சலவைக்காரர் சந்தில் குழாய் கம்பெனி காலத்தது, வேகம் தாங்காது என்று அரைத் திருகோடு நிறுத்துவாள். எந்தத் தெருவிலாவது ஒரு வீட்டில் குழந்தை பிறந்திருந்தால் அந்தத் தெருவுக்கு ஒரு மாதத்துக்குக் கால் திருகு கூடுதல். இதெல்லாம் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. மேட்டுத் தெரு மாடியில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது, அவ்வளவுதான் ஊருக்குத் தெரியும்.

ஒவ்வொரு வால்வும் மார்பளவு ஆழக் குழியில் இருந்தது. பதினான்கு இறக்கம், பதினான்கு ஏற்றம், காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. ஐம்பத்தாறு வயதில் அவளுடைய முழங்கால்கள் ஒவ்வொரு படிக்கும் ஒரு சத்தம் போட்டன. குழிகளின் மூடிகளைப் பழைய இரும்புக்காக யார் யாரோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். மூடி வேண்டும் என்று அவள் ஒரு மனு கொடுத்தாள். வார்டன் அதை ஸ்டூவர்ட் பார்வைக்கு என்று எழுதினார், ஸ்டூவர்ட் ஓவர்சியர் பார்வைக்கு என்று எழுதினார், அது கதவு கதவாக வராந்தாவின் கடைசிவரை போய், அங்கே அதற்கு அடுத்தவர் இல்லாததால் மறுபடி வார்டனிடம் வந்தது. ஒன்பது வருடத்தில் மனு பதினேழு சுற்று வந்தது. அதற்குள் குழிகளில் விழுந்தவை: ஒரு சைக்கிள், இரண்டு ஆடுகள், பேண்டு வாத்தியக்காரர் ஒருவர் டிரம்மோடு, மக்கள்தொகை கணக்கெடுக்க வந்த ஆசிரியர் ஒருவர். அன்றைய கணக்கில் ஒரு தலை குறைந்தது. மாலையில் தூக்கியெடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். சாவியக்கா ஒவ்வொரு குழிமேலும் மரக்கிளையையோ கால் உடைந்த நாற்காலியையோ நட்டு வைத்தாள். வெளியூர்க்காரர்கள், இந்த ஊரில் நடுத்தெருவில் நாற்காலி போடும் பழக்கம் உண்டு என்று நினைத்துக்கொண்டு போனார்கள்.

பதினோராவது பலகைதான் எல்லாவற்றிலும் நீளம். ‘சூப்பரின்டெண்டன்ட்’ என்ற சொல் இரண்டு ஓரத்தையும் இடித்துக்கொண்டு நின்றது. அதற்கு வந்தவர் பையில் மூன்று பேனா வைத்திருந்தார். வந்து நான்காம் நாள், இத்தனை வருடத்தில் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்: இந்த அலுவலகத்தில் யார் யார் எதற்குப் பொறுப்பு? கதவு கதவாகப் போய்ப் பதில் வாங்கிவந்தவள் அலுவலக டைப்பிஸ்ட். அவள் சாவியக்காவின் ஒரே மகள். பத்துப் பேரும் ஒரே பதில்தான் சொல்லியிருந்தார்கள்: தண்ணீர்.

“அப்ப தண்ணிய திறக்கறது யாரும்மா?”

“எங்கம்மா சார்.”

“உங்கம்மாவுக்கு என்ன பதவி?”

“சாவியக்கான்னு கூப்பிடுவாங்க சார்.”

“அது பதவி இல்லம்மா. அது கூப்பிடறது.”

அவர் கெட்டவர் இல்லை. ஒழுங்கை விரும்புகிறவர். ஒழுங்கு எங்கே போய் முட்டும் என்று பார்க்கிற பழக்கம்தான் இல்லை. அன்றே உத்தரவு சொன்னார், மகள் எழுதிக்கொண்டாள்: பதவிப் பலகை இல்லாத எந்த நபரும் நாளை முதல் வால்வுகளைத் தொடக்கூடாது, இதுவரை தொட்டுவந்த மேற்படி நபர் சாவியை ஒப்படைக்க வேண்டும். நான்கு பிரதி அடிக்கச் சொன்னார். அடித்தாள்.

சாவியக்காவின் வீடு இரண்டு அறை. முன்னறையில் கூரைக் கம்பியிலிருந்து ஊரார் குடைகள் வௌவால் மாதிரி தொங்கும். அவள் புருஷன் குடை ரிப்பேர்காரர். மகள் சாயங்காலம் வந்து காகிதத்தைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“என்னடி இது?”

“நீதாம்மா. மேற்படி நபர்.”

“நானா? பேரு நல்லாத்தான் இருக்கு.”

குடைக்காரர் எட்டிப் படித்தார். “முப்பது வருஷமா யாரோட குடும்பம் நடத்தறேன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது.”

“சிரிக்காதீங்கப்பா. நான்தான் அடிச்சேன். என் கையால.”

“தப்பில்லாம அடிச்சியா?” என்று கேட்டாள் அம்மா.

“ஒரு தப்பு இல்ல.”

“அப்ப சாப்பிடு.”

சாப்பிட்டு முடித்துச் சாவியை மடியில் குறுக்காக வைத்து எண்ணெய்த் துணியால் துடைத்தாள். தினமும் செய்வதுதான். அன்றைக்கு இரண்டு தடவை துடைத்தாள். அப்புறம் யாரிடம் என்றில்லாமல் கேட்டாள்: “நாளைக்கு மேட்டுத் தெருவுக்கு யாரு விடுவா?”

மறுநாள் சாவி முதல் கதவில் ஒப்படைக்கப்பட்டது. வார்டன் அதைச் சுவரில் சாய்த்துவைத்து, ஸ்டூவர்ட் பார்வைக்கு என்று எழுதி ஒரு சீட்டைக் கட்டினார். அன்று மாலைக்குள் சாவி நான்காவது கதவு வரை போயிருந்தது.

தண்ணீர் வராமல் இல்லை. மோட்டார் ஓடியது, தொட்டி நிரம்பியது, சாவியக்கா கடைசியாகத் திருப்பிவிட்டுப் போன நிலையில் எல்லா வால்வும் இருந்தன. தண்ணீர் ஒவ்வொரு குழாயின் வாய்வரைக்கும் வந்தது. வந்து, ஒரு விரற்கிடை வெளியே தலை நீட்டி, தெருவில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. மேட்டுத் தெருவில் ஒரு பெண் விரலை வைத்துப் பார்த்தாள். விரலை நனைத்தது, சாவியக்காவின் விரல் இல்லை என்று தெரிந்ததும் திரும்பிக்கொண்டது. முடிதிருத்துபவர் கடையில் ஒருவர் ஒரு கன்னத்தில் சோப்பு காய்ந்தபடி நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தார். பேக்கரியில் மாவு மாவாகவே இருந்தது. ஆஸ்பத்திரியில் நர்சுகள் மழைக்கு வைத்த அண்டாக்களை எண்ணி எண்ணிச் செலவழித்தார்கள், இரண்டு ஆபரேஷன்கள் தள்ளிப்போயின. வராந்தாவில் அதிகாரிகள் சும்மா இருக்கவில்லை. மார்ஷல் தண்ணீருக்கு ஆணை பிறப்பித்தார். பெய்லிஃப் ஒவ்வொரு குழாயிலும் ஒட்டச் சொல்லி ஒரு நோட்டீஸ் கொடுத்தார். கம்ப்ட்ரோலர், மூன்று நாளுக்குள் விளக்கம் அளிக்காவிட்டால் மேல் நடவடிக்கை என்று தண்ணீருக்கு எழுதினார். தண்ணீர் நோட்டீசை எட்டிப் பார்த்தது, நோட்டீஸ் நனைந்தது. நிலைமை உண்மையிலேயே மோசம் என்று அவர்களுக்குப் புரிந்தது நான்காம் நாள், டீ வராதபோதுதான்.

சாவியக்கா வீட்டு வாசலில் நின்ற கூட்டத்திடம் அவள் சொன்னது ஒன்றுதான்: தொடக்கூடாதுன்னு உத்தரவு, அடிச்சது எம்பொண்ணு, மீறினா அவ வேலை போயிடும். கூட்டம் கலைந்தது. காலிக் குடங்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

சூப்பரின்டெண்டன்ட் பிடிவாதத்திலிருந்து கொஞ்சம் இறங்கிவந்தார். அவளுக்கும் ஒரு பதவி கொடுத்துவிடலாம் என்றார். ஆனால் பெட்டியில் வைக்கோல் மட்டும்தான் பாக்கி. கடைப் பலகை எழுதும் பெயிண்டரை வரவழைத்து ஒரு தகரப் பலகை செய்தார்கள். என்ன எழுதுவது என்று பதினோரு பேரும் அவரவர் அறையிலிருந்தே ஒரு நாள் முழுக்க விவாதித்து, ‘தற்காலிக நீர்த்திறப்புத் துணை உதவியாளர் (பொறுப்பு)’ என்று முடிவானது. சுவரில் மாட்டினார்கள். மறுநாள் காலை பலகைக்குப் பின்னால் பார்த்தார்கள். கதவு இல்லை, அறை இல்லை. ஒரு பல்லி இருந்தது. அது முன்னாலும் அங்கேதான் இருந்தது என்றார் மோட்டார் போடுகிற ஆள்.

அன்று மத்தியானம் பத்தாவது கதவிலிருந்து ரீவ் டைப்பிஸ்டைக் கூப்பிட்டு, “உங்கம்மாவ ஒரு நிமிஷம் வரச் சொல்லும்மா” என்றார். சாவியக்கா வந்தாள். அவர் எழுந்து நின்றார்.

“இந்தப் பலகைய நீங்க எடுத்துக்குங்க.”

“அப்ப உங்களுக்கு?”

“பன்னெண்டு வருஷமா இதுக்குப் பின்னால உக்காந்திருக்கேன். என்ன அர்த்தம்னே தெரியல. அகராதில பாக்கலாம்னா அந்தப் பக்கத்த யாரோ கிழிச்சுட்டாங்க. உங்களுக்காவது பொருந்துதா பாருங்க.”

“எடுத்துட்டா நீங்க எங்க போவீங்க?”

“இன்னொரு டிரான்ஸ்பர்னு நெனச்சுக்கறேன்.”

அவள் வீட்டுக்குப் போய் வந்தாள். பிறகு புருஷனின் திருப்புளியால் நான்கு திருகாணிகளையும் கழற்றினாள். அம்மாவும் மகளுமாகப் பலகையைத் தூக்கிக்கொண்டு, டீ ஆறும் அந்த வராந்தா முழுக்க நடந்து வெளியே வந்தார்கள். வாசலில், பேக்கரித் தெருவுக்குப் போகும் முதல் குழிக்குப் பக்கத்தில், மகளுக்குக் கை மரத்துவிட்டது. “இதுக்கு மேல என்னால முடியாதும்மா.” “இங்கயே வைடி. நாளைக்கு உங்கப்பாவ வண்டி கொண்டாரச் சொல்லலாம். இன்னிக்கு ஒரு நாளாவது இதுல யாரும் விழாம இருக்கட்டும்” என்று அம்மா அதைக் குழிமேல் படுக்கவைத்தாள். அளவெடுத்துச் செய்தது போல விளிம்பில் போய் உட்கார்ந்தது. எழுத்து வானத்தைப் பார்த்தது.

காலையில் வண்டியோடு வந்தபோது பலகைக்கு அடியில் யாரோ இருமினார்கள். தூக்கிப் பார்த்தார்கள். குழி கொஞ்சம் அகலமும் ஆழமும் ஆகியிருந்தது. சுவரில் ஓர் ஆணி, ஆணியில் ஒரு கோட்டு, ஓரத்தில் ஒரு முக்காலி. ரீவ் கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு, இரண்டு கையையும் வால்வுச் சக்கரத்தில் வைத்தபடி நின்றிருந்தார். வராந்தாவில் அவருடைய கதவு இருந்த இடம் வெறும் சுவராக இருந்தது.

“அக்கா,” என்றார், “இத எந்தப் பக்கம் திருப்பணும்?”

சாவியக்கா உத்தரவை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். பலகை உள்ளவர் தொடலாம். பலகை இல்லாதவர் தொடக்கூடாது. சொல்லக்கூடாது என்று அதில் எங்கும் இல்லை. “உங்க வலது கைப் பக்கம். மெதுவா. ரெண்டரைத் திருகு. கடைசி அரைல அது கொஞ்சம் முரண்டு பண்ணும், விட்டுப் புடிங்க.” ரீவ் விட்டுப் பிடித்தார். பேக்கரித் தெருவில் தண்ணீர் எட்டிப் பார்த்தது. குழிக்கு மேலிருந்து சாவியக்காவின் குரல் அதற்குக் கேட்டது. வெளியே வந்தது. முடிதிருத்துபவர் கடையும் அந்தத் தெருவில்தான் இருந்தது. இன்னொரு கன்னத்துக்கு வேளை வந்தது.

பாக்கி பதின்மூன்று குழிகள் இருந்தன. அன்று மத்தியானச் சாப்பாட்டின்போது மகள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தாள். “எங்கடி?” “ஆபீசுக்கு. ஒரு உத்தரவு அடிக்கணும்.” “யாரு சொன்னா?” “யாரும் சொல்லல. அவங்க எதையும் படிக்க மாட்டாங்கம்மா. அடிக்கறவளுக்குத் தெரியாதா?” பதவிப் பலகைகள் அனைத்தும் மெருகேற்றுவதற்காக இன்று மாலை கழற்றப்பட்டு, வசதியான இடங்களில் வைக்கப்படும் என்று நான்கு பிரதி அடித்து, கதவு கதவாகக் கொண்டுபோனாள். ‘மெருகு’ என்ற சொல்லைப் பார்த்ததும் ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். சூப்பரின்டெண்டன்ட் மட்டும் நிறுத்தி, தன் பதவி வரும் வரியைப் படித்து, அதற்குப் பின்னால் ‘அவர்கள்’ என்று சேர்க்கச் சொன்னார். சேர்த்து மறுபடி அடித்துக் கொடுத்தாள். அவரும் போட்டார்.

சாயங்காலம் குடைக்காரர் தள்ளுவண்டியை உருட்ட, தாயும் மகளும் பத்துப் பலகைகளையும் தெருத்தெருவாக இறக்கினார்கள். எந்தக் குழிக்கு எந்தப் பலகை என்று சாவியக்கா ஒவ்வொன்றுக்கும் நின்று யோசித்தாள். பெய்லிஃபை ஆஸ்பத்திரிக்கு வைத்தாள். ஒருநாளும் தாமதம் பொறுக்காதவர். கஸ்டோடியனைச் சலவைக்காரர் சந்துக்கு. பழைய குழாயைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர் மாதிரி அவருக்கு ஒரு முகம். இருக்கிறதிலேயே கனமான பலகை மேட்டுத் தெருவுக்குப் போனது.

விடிந்தபோது பத்துக் குழியிலிருந்தும் பத்து விதமான இருமல் கேட்டது. சூப்பரின்டெண்டன்ட் இருமவில்லை, பேசினார்.

“இந்தாம்மா, நான் யாருன்னு தெரியுமா?”

“தெரியும் சார். மேட்டுத் தெரு.”

அவர் இன்னும் கொஞ்சம் பேசினார். ஒரு விசாரணை வரும் என்றார். குழிக்குள் இருந்துகொண்டு பேசும்போது எதிராளியின் செருப்பைப் பார்த்துத்தான் பேச வேண்டியிருந்தது, அதில் பாதி வேகம் குறைந்தது. சாவியக்கா முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு, கீழே ரெண்டு தெருவைப் பாதி அடைச்சாச்சு சார், இப்ப நீங்க மூணரைத் திருகு திருப்பினா ஏறிடும், நேரமாச்சு, மேல குழந்தைங்க பள்ளிக்கூடம் போகணும் என்றாள். அவர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மூன்று பேனாவும் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. முதல் திருகுக்கே முகம் சிவந்துவிட்டது. மூன்றரையில் நிமிர்ந்தபோது, எங்கேயோ உயரத்தில், இரண்டாம் மாடியில், காலி வாளியின் அடியில் தண்ணீர் தடதடவென்று விழும் சத்தம் கேட்டது. ஒரு பெண் பக்கத்து வீட்டுக்காரியிடம், “ஏய், வந்துடுச்சுடி, புடி புடி” என்றாள். சூப்பரின்டெண்டன்ட் தலையைச் சாய்த்துக்கொண்டு வாளி நிரம்பும்வரை கேட்டார். சத்தம் தடதடப்பிலிருந்து தளும்பலுக்கு மாறியது.

“இது நான் விட்டதாம்மா?”

“நீங்க விட்டதுதான் சார்.”

அன்று அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. சாயங்காலம் அடைக்கும் நேரம் எது என்று மட்டும் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

வராந்தா அன்றைக்கே சுருங்கிவிட்டது. பம்ப் ஹவுஸ் உள்ளேயும் இருபதடி ஆனது, ஒரு மோட்டார், ஒரு மேசை, ஒரு டைப்ரைட்டர். சாவி ஏழாவது கதவு இருந்த சுவரில் சாய்ந்து நின்றது, ஏழு சீட்டுகளோடு. தடுக்க அறையில் யாரும் இல்லாததால் சாவியக்கா அதை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டாள். பலகை கிடைக்காத மூன்று குழிகளை அவளே பார்த்துக்கொண்டாள். மற்ற பதினொன்றுக்கும் போய், பலகைமேல் சாவியால் தட்டுவாள். இரண்டு தட்டு என்றால் திற, ஒன்று என்றால் அடை. நீட்டி இழுத்த ஒரு தட்டு என்றால் அந்தத் தெருவில் குழந்தை பிறந்திருக்கிறது, கால் திருகு கூட.

அதற்கப்புறம் வருடங்கள் போயின. உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால், அதிகாரிகள் நன்றாக வேலை செய்தார்கள். நாள் முழுக்க எண்ணெய் போட்டுத் தேய்க்க ஆள் இருந்ததால் சக்கரங்களின் துரு போய்விட்டது. ஒரு விரலால் திருப்பலாம். மூடிக்கும் விளிம்புக்கும் நடுவில் உள்ள இடுக்கு வழியாகச் செருப்புகளைப் பார்த்தே, யார் வீட்டில் ஆள் கூடியிருக்கிறார்கள், யார் ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்று ஓவர்சியர் கண்டுபிடித்துவிடுவார். கம்ப்ட்ரோலர் ஒரு சொட்டுக்கூடச் சிந்த விடமாட்டார். வார்டன் காத்த குழியில் பதினோரு வருடத்தில் ஓர் எலி இறங்கவில்லை. அந்தப் பழைய சொற்களில் குறை ஒன்றும் இருக்கவில்லை; சுவரில் நிற்கவைத்ததுதான் தவறாகப் போயிருந்தது. டீக்கடைக்காரர் இப்போது தெருவழியே போகிறார், இடுக்கில் கோப்பையை நீட்டுகிறார், எல்லாருக்கும் சூடாகவே கிடைக்கிறது. ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் கிழியாத அகராதி ஒன்றைத் தேடிப் பிடித்துவந்து பேக்கரித் தெருக் குழியருகே குந்தி உட்கார்ந்து, ரீவ் என்றால் என்னவென்று படித்துக் காட்டட்டுமா என்று கேட்டார். “வேணாம் சார்” என்று கீழேயிருந்து பதில் வந்தது. “இப்ப தெரிஞ்சுபோச்சு.”

புதிதாக வந்த நகரசபைத் தலைவர் ஒருவர், சாவியக்காவுக்கு வெண்கலத்தில் ஒரு பலகை செய்து தருவதாகச் சொன்னார். எந்தப் பதவி வேண்டுமென்று அவளே சொல்லலாம். மிச்சமிருக்கிற மூன்று குழிக்கும் மூடி போதும் என்றாள் அவள். இரண்டுக்குக் கான்கிரீட் மூடி வந்தது. மூன்றாவதற்கு அந்தத் தகரப் பலகையையே போட்டார்கள். அதைத் தூக்கி இறங்கும்போதெல்லாம் பல்லி சுவரோரம் நகர்ந்து அவளுக்கு இடம் விடும்.

போன மாதம் வெளியூரிலிருந்து ஒருவர், குழாய் இணைப்புக்கு விண்ணப்பத்தோடு, நல்ல ஷூ போட்டுக்கொண்டு வந்தார். மேட்டுத் தெருவில் நின்று, தோளில் இரும்புக் கம்பியோடு வந்துகொண்டிருந்த வயதான பெண்ணிடம், இங்கே சூப்பரின்டெண்டன்ட் எங்கே இருப்பார், அவரைப் பார்க்க முடியுமா என்று கேட்டார்.

“நீங்க நிக்கறது அவர் மேலதான்” என்றாள் சாவியக்கா. “கொஞ்சம் தள்ளி நில்லுங்க தம்பி. ஆறரை ஆயிடுச்சு, திறக்கணும்.”

அவர் தள்ளி நின்றார். அவள் இரண்டு தட்டுத் தட்டினாள்.